கை குடிக்கும் அளவு

என் அலமாரியில் ஒரு தடித்த நாவல் இருக்கிறது. அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருபத்தோரு வருடங்களாக ஒரு தோல் துண்டு கிடக்கிறது. இரண்டு விரல் அகலம், தேன் நிறம், பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய ஒரு எண். நாவலை நான்கு முறை படித்து முடித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் முடித்தபின் துண்டை அதே பக்கத்தில்தான் வைப்பேன். அந்தப் பக்கத்தில் தோலின் வடிவத்திலேயே ஒரு எண்ணெய்க் கறை படிந்திருக்கிறது. கறைக்குள் இருக்கும் நாலைந்து வரிகளின் ஊடாகப் பின்பக்கத்து எழுத்துகளும் மங்கலாகத் தெரியும். எனக்கு அந்தக் கறை பிடிக்கும். சில மாலைகளில் ஒரு வரிகூடப் படிக்காமல் அந்தப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தத் துண்டை எனக்குக் கொடுத்தவள் அமிர்தவள்ளி. அப்போது அவள் என் மனைவி இல்லை. ஆம்பூரில் பாலாற்றை ஒட்டியிருந்த, தோல் பதனிடும் ஒரு டேனரியில் நான் லேபில் வேலை செய்தேன். அவள் அங்கேயே தோல்களைத் தரம் பிரிக்கும் அறையில் இருந்தாள்.

தோலைப் பதப்படுத்தும்போது சுண்ணாம்பிலும் கழுவலிலும் அதன் சொந்த எண்ணெயெல்லாம் போய்விடும். அப்படியே காயவிட்டால் பலகை போல விறைத்துக்கொள்ளும். போனதைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். எண்ணெயைத் தண்ணீரோடு அடித்துப் பால் போல ஆக்கி, தோல்கள் சுழலும் மர டிரம்முக்குள் ஊற்றுவார்கள். ஒன்றரை மணி நேரம் டிரம் சுற்றும். பிறகு நான் போய் ஒரு கண்ணாடிக் குவளையில் உள்ளிருக்கும் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பால் போலவே இருந்தால் தோல் இன்னும் குடிக்கவில்லை. தெளிந்திருந்தால் குடித்துவிட்டது. "குடிச்சிருச்சு சார்" என்று டிரம் ஆப்பரேட்டர் சுப்பராயன் எனக்கு முன்பே சொல்லிவிடுவார். அவர் தப்பாகச் சொன்னது ஒரே ஒரு முறைதான். அந்த டேனரியில் எல்லோர் வாயிலும் அந்த வார்த்தை புழங்கியது. டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவனைக்கூட, குடிச்சிருச்சா என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

தரம் பிரிக்கும் அறையின் வடக்குச் சுவர் முழுவதும் ஜன்னல். நேர்வெயில் விழாத வெளிச்சத்தில்தான் தோலின் நிறமும் வடுவும் ஏமாற்றாமல் தெரியும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நீண்ட மேசைகளுக்கு முன்னால் நிற்பார்கள். மற்றவர்கள் தோலைப் பார்ப்பார்கள். அமிர்தவள்ளி பார்க்கமாட்டாள். கண்ணை ஜன்னல் பக்கம் விட்டுவிட்டு விரல்களால் மட்டும் தடவிக்கொண்டு போவாள். எங்கோ ஓர் இடத்தில் விரல் நிற்கும். அங்கே ஏதாவது இருக்கும்.

நான் அந்த அறைக்குப் போவதற்குக் காரணங்களைத் தேடிக்கொண்டேன். ஒரு நாள் இரண்டு டிரம்களிலிருந்து இரண்டு துண்டுகளை வெட்டி எடுத்துப் போய், இரண்டும் ஒரே டிரம்தான் என்று பொய் சொல்லி, எது நல்லது என்று சொல் பார்க்கலாம் என்றேன். அவள் இரண்டையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"லேப் சார், இது குடிச்சிருச்சு. இது குடிக்கல. குடிச்ச மாதிரி நடிக்குது."

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். நான் டிரம்முக்குத் திரும்பிப் போய் விசாரித்தேன். எண்ணெய் உள்ளே போனபின் அதை நிலைக்கவைக்கக் கடைசியில் கொஞ்சம் ஆசிட் விடுவது வழக்கம். அன்று அவசரத்தில் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். எண்ணெய் உடைந்து தோலின் மேலேயே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் தெளிந்துவிட்டது. சுப்பராயனையும் என்னையும் குவளை ஏமாற்றியது அந்த ஒரு முறைதான். அவள் விரலை ஏமாற்ற முடியவில்லை.

அதற்கு ஆறு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அவள் ஒரு துண்டை நடுவில் கத்தரித்து இரண்டின் பின்பக்கத்திலும் ஒரே எண்ணை எழுதினாள். ஒரே தோல், ஒரே இடம், ஜோடி என்றாள். ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு மற்றொன்றைத் தன் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டாள். காதல் என்று அவள் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். இன்றுவரை அவ்வளவுதான்.

அந்த டேனரி மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அது சிமெண்ட் குடோன். வடக்கு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். நான் கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலைக்குப் போனேன். அவள் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். மாதனூரில் எங்கள் தெருமுனைக்குக் காலை ஏழு பத்துக்குக் கம்பெனி பஸ் வரும். பதினொரு வருடங்களாக அதில் போகிறாள்.

அங்கே அவளுக்கு ஜோடி சேர்க்கும் வேலை. வெட்டி வந்த தோல் துண்டுகளில் இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே மாதிரியானவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். நிறம் ஒன்றாக இருந்தால் போதாது. தடிப்பு, மென்மை, விரலுக்குக் கீழே வளைந்து திரும்பும் விதம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று மாதம் போட்டபின் ஒரு ஷூ சுருங்கும், மற்றது சுருங்காது.

போன செப்டம்பரில் அப்படி ஒரு ஜோடி திரும்பி வந்தது. பிறகு இன்னும் இரண்டு. மூன்றும் அவள் மேசையில் சேர்த்தவை.

மூன்றாவது திரும்பி வந்த அன்று மாலை வாசல்படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். குவாலிட்டி பார்க்கும் ராமமூர்த்தி சார் கூப்பிட்டுப் பேசினாராம். சத்தம் போடவில்லையாம். நவம்பர் கடைசியில் தன் முன்னால் ஒரு முறை ஜோடி சேர்த்துக் காட்ட வேண்டும், சரியாக வரவில்லை என்றால் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவேன் என்றாராம். சம்பளம் குறையாது என்பதையும் சேர்த்துச் சொன்னாராம்.

  பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள். அப்படியே கையை நீட்டிச் சுவரைத் தடவினாள்.

"உங்க சட்டையும் ஒண்ணுதான், சொவரும் ஒண்ணுதான். எனக்கு ஒண்ணும் தெரியலங்க."

அவள் கையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். இத்தனை வருடங்களாக ஒரே வீட்டில் பக்கத்தில் இருந்த கை. விரல் நுனிகள் வார்னிஷ் அடித்தது போல மினுங்கின. ரேகை பாதி தேய்ந்திருந்தது. நகத்தின் ஓரங்களில் நூல் நூலாக வெடிப்பு. அந்த மினுமினுப்பை நான் டேனரியில் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் போய், திரும்பக் கொடுக்கப்படாமல் காய்ந்த தோலின் மினுமினுப்பு அது.

காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வெளிர்நிறத் தோலில் கை அழுக்குப் படக்கூடாது என்று மேசைக்காரர்கள் மணிக்கொரு தரம் கை கழுவ வேண்டும். கழுவும் இடத்தில் ஒரு வாளி நிறையத் துணி சோப்புத் தூள் இருக்கும். ஒரு நாளைக்கு எட்டு முறை, பத்து முறை. வேலூரில் காட்டிய டாக்டர் தூளை நிறுத்தச் சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு போட்ட கையோடு மேசைக்குப் போக முடியாது, தோலில் கறை விழும். கையுறை போட்டால் விரலுக்கு எதுவும் தெரியாது. கழுவாமலும் இருக்க முடியாது.

அவளுக்கு வேண்டியது அழுக்கை எடுத்துக்கொண்டு எண்ணெயை விட்டுவைக்கும் ஒரு கழுவல். அதையாவது நான் செய்யத் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. முப்பது வருடங்களாக நான் படித்ததெல்லாம் தோலும் எண்ணெயும் தண்ணீரும்தான்.

முதலில் பூந்திக்கொட்டையில் தொடங்கினேன். கொட்டையை நீக்கி ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் நல்ல நுரை. பி.ஹெச். தாளை நனைத்துப் பார்த்தேன். நாலரை. மனிதத் தோலுக்குப் பிடித்த லேசான புளிப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. சோப்புத் தூளின் கரைசலில் அதே தாள் பத்தரைக்குக் கருநீலமாகிப் போயிருந்தது. ஆனால் பூந்திக்கொட்டைச் சாறு அவளுடைய வெடிப்புகளில் எரிந்தது. நகக்கண்ணில் பழுப்பு நிறம் தங்கியது. மூன்றாம் நாள் புட்டியைத் திறந்தபோது கெட்டுப்போன ரசம் போல வாடை அடித்தது. அமிர்தவள்ளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "லேப் சார், இதுல கை கழுவணும்னா முதல்ல இதைக் கழுவணும்" என்றாள்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு கேன் வரவழைத்தேன். தேங்காய் எண்ணெயின் கொழுப்பையும் சர்க்கரையையும் இணைத்துச் செய்த நுரைப்பொருள், கூழ் போல இருக்கும். முரட்டுத்தனம் இல்லாதது. அழுக்கைப் பிடிக்கும், தோலுக்குள் இறங்கி இருப்பதையெல்லாம் பிடுங்காது. வரும்போது காரத்தன்மையோடு இருக்கும். சிட்ரிக் ஆசிட் கரைசலைத் துளித்துளியாக விட்டு ஐந்தரைக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் கிளிசரின், கெடாமல் இருக்க ஒரு மருந்து, அரைப் பங்குக்கும் குறைவாகப் பூந்திக்கொட்டைச் சாறு. அதன் நுரை எனக்குப் பிடித்துவிட்டிருந்தது, முழுதாக விட மனமில்லை.

கடைசியில் எண்ணெய். சோயாவிலிருந்து எடுக்கும், எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்துவைக்கும் லெசித்தினைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்துத் தண்ணீரோடு அடித்தேன். டேனரியில் உயர்ந்த ரகத் தோலுக்கு நாங்கள் இதைத்தான் போடுவோம். சமையலறையில் மிக்ஸி சுற்றியது. எண்ணெய் மெல்ல மெல்லப் பாலாக மாறுவதைப் பார்த்தபோது பழைய டிரம்மின் சத்தம் காதுக்குள் வந்தது. நனைந்த தோல்கள் தூக்கி விழும் அந்தத் தொம் தொம். மிக்ஸியை நிறுத்தியபிறகும் அது கொஞ்ச நேரம் கேட்டது. எண்ணெயை நூற்றுக்கு எட்டு சேர்த்தேன். டேனரியில் கையுறைத் தோலுக்குத் தரும் அளவு அது.

முதல் நாள் மாலையில் அவள் கழுவிவிட்டு வந்து என் கன்னத்தில் கை வைத்தாள். பஞ்சு போல இருந்தது.  அன்று அவள் சின்னப் பாட்டிலில் நிரப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டு தூங்கப்போனாள்.

மறுநாள் நடந்ததை அவள் சொல்லவில்லை. அவளோடு அதே மேசையில் நிற்கும் நசீமுன்னிசாதான் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது சொன்னாள். அன்று மேசைக்கு க்ரீம் நிற நூபக் வந்திருந்ததாம். மேல்பக்கத்தை லேசாக உரசி வெல்வெட் போல ஆக்கிய தோல் அது. விரலில் துளி ஈரம் இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பதினோரு துண்டுகளில் அமிர்தவள்ளியின் விரல் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்திருந்தன, பெருவிரல் மேலே, நான்கு விரல் கீழே.

"நான் மொதல்ல ஜோக்குதான் அடிச்சேன் அண்ணா. இன்னா வள்ளி, பிரியாணி சாப்ட்டு கை கழுவாம வந்துட்டியான்னு. அது மூஞ்சியப் பார்த்தப்புறம்தான் எனக்கு பேஜாராப் போச்சு. பையில இருந்த பவுடரைக் கொட்டித் தேய்ச்சுப் பார்த்தோம். எண்ணெய் எங்க போவும்? வெள்ளையா இன்னும் ஜாஸ்தியாத் தெரிஞ்சுது."

ராமமூர்த்தி பதினோரு துண்டுகளையும் தனியாக எடுத்துவைத்துவிட்டு, கையில் என்ன தடவிக்கொண்டு வந்தாய் என்று கேட்டிருக்கிறார். அமிர்தவள்ளி என் பெயரைச் சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்தேன், துடைக்க மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். பதினொரு வருடத்தில் மேசையில் கறை விட்டவள் என்ற பெயர் அன்றுதான் அவளுக்கு வந்தது.

நசீமுன்னிசா போனபிறகு அமிர்தவள்ளி பாட்டிலை எடுத்துக் கழுவுமிடத்தில் கவிழ்த்தாள். திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் வாளித் தூளில் கழுவப்போவதாகச் சொன்னாள்.

"பேக்கிங்குன்னா பேக்கிங்கு. கறை வேணாம்."

அந்த வாரம் நாங்கள் அதிகம் பேசவில்லை. எங்களுக்கு அது புதிதல்ல. ஆனால் மற்ற மௌனங்களில் அவள் கை ஏதாவது செய்துகொண்டிருக்கும். கிழிந்த தலையணை உறையைத் தைக்கும். அவள் தையல் டப்பாவில் அந்த ஜோடியின் மற்றொரு துண்டு இருக்கிறது. ஊசியைத் தள்ளும்போது விரலில் குத்தாமல் இருக்க அதைச் சுற்றிக்கொள்வாள். அவள் அதை அப்படிப் பயன்படுத்துவது எனக்கு எப்போதும் ஒரு சின்ன வருத்தம். நான் அதைப் புத்தகத்துக்குள் வைத்துக் காப்பாற்றுகிறேன், அவள் ஊசி குத்துகிறாளே என்று. அந்த வாரம் அவள் டப்பாவைத் திறக்கவில்லை. கைகளை மடியில் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

நான் நாவலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். துண்டை எடுத்துவிட்டுக் கறையைப் பார்த்தேன். வடக்கு ஜன்னல், மேசைகள், அவள் இருபத்தேழு வயது முகம், சிரித்த பெண்கள். குடிச்ச மாதிரி நடிக்குது.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

டிரம்முக்குள் தோல் ஒன்றரை மணி நேரம் சுற்றுகிறது. குடிப்பதற்கு அதற்கு வேறு வேலை இல்லை. கை தண்ணீருக்கு அடியில் இருப்பது அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் அது குடிக்கும் அளவு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மேலே உட்கார்ந்துகொண்டு மென்மை என்று பெயர் வாங்கியது. என் கன்னத்தில் பஞ்சு போலப் பட்டது அவள் கை அல்ல, நான் ஊற்றிய எண்ணெய். இருபத்தோரு வருடங்களுக்கு முன் ஒரு பெண் விரலால் கண்டுபிடித்த தப்பை, இப்போது நானே அந்த விரலிலேயே செய்திருக்கிறேன். அவள் விரலுக்கு உணர்வு இருந்திருந்தால் அன்று மாலையே சொல்லியிருப்பாள்.

தண்ணீரைக் குவளையில் பிடித்துப் பார்க்கும் சோதனை கைக்கு உதவாது. வேறு சோதனை வேண்டியிருந்தது. அது என் மடியிலேயே இருந்தது. எண்ணெய் இருந்தால் காகிதம் சொல்லிவிடும்.

எண்ணெயை எட்டிலிருந்து மூன்றாக்கினேன். என் கையைக் கழுவித் துடைத்து ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து விரலையும் அழுத்தினேன். தாளை ஜன்னலில் பிடித்தபோது ஐந்து கண்ணாடிப் புள்ளிகள். ஒன்றரையாக்கினேன். இரண்டு புள்ளிகள். லெசித்தினைக் கூட்டி எண்ணெயை முக்காலாகக் குறைத்து, மிக்ஸியில் இன்னும் நீண்ட நேரம் அடித்தேன். துளிகள் பொடியாகப் பொடியாகத்தான் சீக்கிரம் உள்ளே போகும் என்பதும் டேனரிப் பாடம்தான். பத்துப் பன்னிரண்டு தாள்கள் ஆனபின் ஒரு தாள் வெறும் தாளாகவே இருந்தது. என் கை காய்ந்துபோயும் இல்லை.

அந்தத் தாள்களையெல்லாம் வரிசையாகத் தேதி போட்டு மேசைமேல் வைத்தேன்.  அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து முகம் கழுவிவிட்டு, நின்றபடியே ஒவ்வொரு தாளாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கடைசித் தாளை முன்னும் பின்னும் திருப்பினாள்.

"இதுல கை வெச்சீங்களா இல்ல சும்மா தேதி போட்டீங்களா?"

வைத்தேன் என்றேன்.

அவளே போய்ப் புதுப் பாட்டிலில் கழுவினாள். துடைத்தாள். நான் வேறு தாள் எடுப்பதற்குள், பீரோவைத் திறந்து நசீமுன்னிசா கொடுத்துவிட்டுப் போயிருந்த ஒரு துண்டை எடுத்தாள். அந்தப் பதினொன்றில் ஒன்று அது. வீணானதுதானே என்று ராமமூர்த்தி கேட்காமல் விட்டிருந்தார். அதில் பழைய விரல் தடங்கள் ஒரு மூலையில் இருந்தன. மற்ற மூலையில் ஐந்து விரலையும் அழுத்தி ஐம்பது எண்ணும் நேரம் வைத்திருந்தாள். எடுத்தாள். தோலின் வெல்வெட்டு லேசாகப் படிந்திருந்தது. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியதும் அதுவும் எழுந்துவிட்டது. கறை இல்லை.

பாட்டில் மறுபடியும் அவள் பைக்குள் போனது. நசீமுன்னிசாவுக்கும் ஒன்று கேட்டாள். கொடுத்தேன்.

தோல் உள்ளேயிருந்து புதிதாக எழுந்து மேலே வர நாலு வாரம் ஆகும். அந்த நாலு வாரத்தை அவசரப்படுத்த எந்த லேபிலும் ஒன்றும் கிடையாது. மழை பெய்துகொண்டிருந்தது. பாலாற்றில் இந்த வருடம் தண்ணீர் ஓடுகிறது என்று பார்க்க விரிஞ்சிபுரம் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் பாலத்தில் வண்டியை நிறுத்தினார்கள். நானும் ஒரு நாள் நிறுத்திப் பார்த்தேன். அவள் விரல்களின் மினுமினுப்பு முதலில் உதிர்ந்தது, வெங்காயச் சருகு போல. நகத்தின் ஓர வெடிப்புகள் மூடின. மூன்றாம் வாரம் ரேகையின் வளையங்கள் மங்கலாகத் தெரிந்தன. உணர்வு வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரு நாள் சாதம் வடிக்கும்போது ஆவி பட்டு விரலை உதறினாள். இன்னொரு நாள் என் சட்டையை மடிக்கையில் காலர் பக்கம் நின்று ஏதோ யோசித்தாள். நான் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை ராமமூர்த்தி அவளைக் கூப்பிட்டார்.

அன்று நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸின் சத்தம் தெருமுனையில் கேட்டது. செருப்புச் சத்தம். அவள் உள்ளே வந்து பையை ஆணியில் மாட்டினாள். முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். பாதி டம்ளர் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். 

"எட்டு ஜோடிக்கு உண்டான துண்டைக் கலந்து குடுத்தாரு" என்றாள். "ஏழு சேர்த்தேன்."

 எட்டாவது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"எட்டாவது ஜோடியே இல்ல. வேணும்னே வேற வேற தோல்ல இருந்து ஒவ்வொண்ணு எடுத்துப் போட்டிருந்தாரு. பார்க்க ஒரே மாதிரிதான். ரெண்டையும் தனியா எடுத்து வெச்சு, இது ஜோடி இல்ல சார்னு சொன்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. மேசைக்குப் போன்னாரு. போயி சாயங்காலம் வரைக்கும் நின்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். டம்ளரை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மடியில் நாவல் திறந்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டு. அவள் அந்தத் துண்டை எடுத்தாள். எத்தனையோ வருடங்களாக அவள் அதைத் தொட்டதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துச் சுற்றினாள். கண் வாசல் பக்கம் போனது. வடக்குப் பக்கம் அல்ல, எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் ஜன்னல் கிடையாது. ஆனாலும் அதே கழுத்து, அதே சாய்வு. 

"காஞ்சி போச்சே" என்றாள்.

எழுந்து போய்த் தையல் டப்பாவிலிருந்து தன் துண்டை எடுத்துவந்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையிலும் வளைத்தாள். பிறகு என் விரலைப் பிடித்து வைத்து என்னையும் வளைக்கச் சொன்னாள். ஊசித் துளைகள் நிறைந்து கறுத்துப்போன அவள் துண்டு, சொன்னபடி வளைந்தது. என்னுடையது அட்டை போல எதிர்த்தது. மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. அத்தனை வருடமும் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு முறைகூட வளைத்துப் பார்க்கவில்லை.

அவள் நாவலைத் தன் பக்கம் திருப்பிக் கறையைப் பார்த்தாள். விரலால் அந்த வரிகளைத் தடவினாள். பின்பக்கத்து எழுத்துகள் தெரிந்த அந்த நீள்சதுரம்.

"லேப் சார், உங்க புத்தகம் குடிச்சிருச்சு."

நான் சிரிக்கத் தொடங்கினேன். முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை மறுபடியும் பிடித்தது. 

பிறகு நான் எழுந்து போய் லெசித்தின் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்தேன். துண்டைக் கவிழ்த்து, எண் எழுதியிருந்த பின்பக்கத்தில் ஊற்றப்போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கம்மியா."

ஒரு துளி விட்டேன். அவள் அதை விரல் நுனியால் பரப்பினாள், ஓரத்திலிருந்து நடுவுக்கு. புது ரேகையின் வளையங்கள் எண்ணெயில் ஒரு கணம் பதிந்து மறைந்தன. துண்டைத் தன் துண்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். துளி மேலேயே மினுங்கிக்கொண்டிருந்தது.

"அது குடிக்கட்டும்" என்றாள். நாங்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.